போலீஸ் நாடகத்தில் மெக்கானிக் எங்கே?

தொலைக்காட்சிப் போலீஸ் நாடகத்தில் பந்தயக் கதை வரும் வாரம் எப்படி இருக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நள்ளிரவு. ஆளில்லாத அகலமான சாலை. வரிசையாக மோட்டார்கள், நடுவில் கைக்குட்டையோடு ஒரு பெண். ஓரத்தில் ஒருவன் பணம் எண்ணிக்கொண்டிருப்பான். கைக்குட்டை கீழே விழும். அடுத்த விளம்பர இடைவேளைக்குள் ஒரு பையன் சாலையில் கிடப்பான். இன்ஸ்பெக்டர் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார், அம்மா கதறுவார். கடைசிக் காட்சியில் கூட்டத்தின் தலைவனைக் கைவிலங்கோடு வண்டியில் ஏற்றுவார்கள். பாட்டு ஓடும்.

இதே கதையை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன். நடிகர் மாறுவார், சாலை மாறும், மோட்டாரின் நிறம் மாறும். முடிவு மட்டும் மாறாது. பந்தயம் ஓட்டிய பையனுக்கு இரண்டே வாசல்: ஒன்று லாக்கப், மற்றது சவக்கிடங்கு.

அந்த முடிவு பொய் என்று சொல்ல வரவில்லை. சாலையில் உயிரை விட்ட பையன்களின் வீடுகள் பேராக்கில் எத்தனையோ உண்டு. ஆனால் இரண்டு வாசலுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நாடகம் அதைக் காட்டுவதே இல்லை. நாடகம் காட்டாததால் வீட்டில் பெரியவர்களுக்கும் அது தெரியாமல் போகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

1999ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மார்ச்சில் சிப்பாங் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அக்டோபரில் அங்கே முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அதே 1999இல்தான் ஆர்.டி.எம். டிவி2இல் 'கெராக் காஸ்' தொடங்கியது. பேருந்து நடத்துநராக இருந்து நடிகராகி, பிறகு இயக்குநரான யூசோப் ஹஸ்லாமின் ஸ்கோப் நிறுவனம் தயாரித்த போலீஸ் தொடர் அது. அதே நிறுவனம் போக்குவரத்துப் போலீசை வைத்தே 'ரோடா-ரோடா கோலாலம்பூர்' என்று இன்னொரு தொடரையும் எடுத்தது. தோட்டத்து வீடுகளில் மலாய் சரளமாக வராத பாட்டிகூட உட்கார்ந்து பார்த்த தொடர்கள் இவை. போலீஸ் யார், திருடன் யார் என்று தெரிந்துகொள்ள மொழி தேவைப்படவில்லை.

ஆக ஒரே காலத்தில் வேகத்துக்கு நம் நாட்டில் இரண்டு விலாசம் கிடைத்தது. சிப்பாங்கில் வேகம் என்றால் கொடி, தேசிய கீதம், பெருமை. நாடகத்தில் வேகம் என்றால் குற்றம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும் சாலை எது என்று யாரும் வரைந்து காட்டவில்லை.

பிறகு சினிமாவும் சேர்ந்துகொண்டது. 2002இல் 'கேஎல் மெஞ்செரிட்' வந்தது. 2006இல் 'ரெம்ப்-இட்' வந்தது. 'மாட் ரெம்பிட்' என்ற சொல் பத்திரிகையிலும் பாராளுமன்றத்திலும் அடிபட்ட காலம் அது. இவர்களுக்கு 'மாட் செமர்லாங்' என்று நல்ல பெயர் வைத்துப் பார்க்கும் முயற்சிகூட நடந்தது. பெயர் ஒட்டவில்லை. 2008இல் யூசோப் ஹஸ்லாமின் மகன் ஷம்சுல் யூசோப், 'எவலுசி கேஎல் டிரிஃப்ட்' படத்தை இயக்கினார். கார்ப் பந்தயக் கூட்டமும் போலீசும் மோதும் கதை. அப்பா வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த போலீஸ் கதைக்கு மகன் டயர் புகை போட்டுத் தியேட்டருக்குக் கொண்டுபோனார் என்று சொல்லலாம்.

இந்த வார்ப்பு நம் ஊர் மட்டும் கண்டுபிடித்ததல்ல. 2001இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்திலும் அதே போலீஸ், அதே பந்தயக் கூட்டம்தான். 1998இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் கென் லி என்ற செய்தியாளர் நியூயார்க் தெருப் பந்தயங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்துதான் அந்தப் படம் பிறந்தது. ஜெர்மனியில் 1996 முதல் ஓடிய 'அலார்ம் ஃபர் கோப்ரா 11' என்ற நெடுஞ்சாலைப் போலீஸ் தொடருக்குக் கார்கள் பறப்பதும் வெடிப்பதும்தான் உயிர். அதற்காக ஆஹென் நகரப் பக்கம் படப்பிடிப்புக்கென்றே ஒரு நெடுஞ்சாலைத் துண்டைக் கட்டி வைத்தார்கள்.

போலீஸ் கதைக்குப் பந்தயம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? முக்கால் மணி நேரத்தில் குற்றம், துரத்தல், தண்டனை மூன்றையும் முடிக்க வேண்டும். வங்கி மோசடியைக் காட்ட வேண்டுமென்றால் பத்து நிமிடம் கணக்கு விளக்க வேண்டும். பந்தயத்துக்கு விளக்கம் வேண்டாம், முதல் காட்சியிலேயே எல்லாம் புரிந்துவிடும். இரவில் எடுப்பதால் பின்னணி பற்றிக் கவலை இல்லை. பையன் விழுந்ததும் பாடமும் தானாகக் கிடைத்துவிடும்.

வானொலியில் வேலை செய்வதால் எனக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். திரையில் தெரியும் வேகத்தில் பாதிக்கு மேல் ஒலியால் வருவது. கேமராவைத் தரையோடு தாழ்த்தி வைத்து, காட்சிகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டினால் நாற்பது கிலோமீட்டரில் போகும் மோட்டாரும் நூற்றைம்பதில் பறப்பது போலத் தெரியும். மீதியை இன்ஜின் சத்தம் பார்த்துக்கொள்ளும். அந்தச் சத்தம் பல நேரம் வேறு வண்டியுடையது. திரையில் ஓடுவது நம் வீட்டுக் கப்சாய், காதில் கேட்பது நான்கு சிலிண்டர் பெரிய பைக். இஎக்ஸ்5இல் இருப்பது நான்கு கியர். கதாநாயகன் ஒரே நேர்ச்சாலையில் ஏழு தடவை கியர் மாற்றுவான்.

இது சின்ன விஷயம்தான். ஆனால் நம் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். இருட்டில் தாமானைக் கடந்து போகும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே அது 125இசட்டா, ஆர்எக்ஸ்இசட்டா, ஒய்15ஆ என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. அந்த வித்தியாசத்தைத்தான் அவர்கள் காதில் பிடிக்கிறார்கள். பள்ளியில் இயற்பியலில் தேறாத பையனுக்கு இது தெரிந்திருக்கும். நாடகம் அவனை முட்டாள் என்று காட்டும்போது, அந்த நாடகத்தின் சத்தமே தப்பு என்று அவனுக்குத் தெரியும். பிறகு அந்த நாடகம் சொல்லும் புத்திமதியை அவன் எப்படி நம்புவான்?

துரத்தல் காட்சியும் அப்படித்தான். நாடகத்தில் இன்ஸ்பெக்டர் பைக்கின் பின்னாலேயே சந்து பொந்தெல்லாம் பறப்பார். நிஜத்தில் துரத்துவது ஆபத்து. ஓடுகிறவன் எதிர்ப்பக்கம் திரும்பிப் பாய்ந்தால் யாரோ ஒரு குடும்பம் செத்துப்போகும். அதனால் சாலையின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு நடுவில் மாட்டியவர்களை இறக்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதில் பறப்பதற்கு ஒன்றுமில்லை. சாலையோரம் வரிசையாக உட்கார வைக்கப்பட்ட பையன்கள், டார்ச் லைட், எழுதிக்கொள்ளப்படும் எண்கள், லாரியில் ஏற்றப்படும் மோட்டார்கள், அவ்வளவுதான். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டியதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கலாம். ஒரு தொழிற்சாலை ஊழியரின் குடும்பத்துக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாவும் நிஜம்தான். 2019இல் மட்டும் நம் சாலைகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும்தான். ஆனால் அவர்களில் ஆகப் பலர் பந்தயம் ஓட்டியவர்கள் அல்ல. வேலைக்குப் போனவர்கள், வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு திரும்பியவர்கள். அவர்களுக்கு எந்த நாடகத்திலும் கதை கிடையாது.

நம் வீடுகளுக்கு மோட்டார் எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் லயத்து வாசலில் இருந்து பால்மரக் காட்டுக்கு நடந்தே போனார்கள். பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் கூப்பிடு தூரம். சுங்கை சிப்புட், கோலக் கங்சார் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஆட்கள் லயத்தை விட்டு ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். வேலை தாசேக்கில், மெங்லெம்புவில், ஜெலாப்பாங்கில். காலை ஷிஃப்டுக்குப் போக பஸ் கிடையாது. இரவு ஷிஃப்டு முடிந்தால் அதுவும் இல்லை. அதனால் வீட்டுக்கு ஒரு கப்சாய். பிறகு மகனுக்கு ஒன்று. தோட்டம் போன பிறகு பல குடும்பங்கள் முதலில் வாங்கிய பெரிய பொருள் அதுதான்.

அந்த மோட்டாரைப் பழுது பார்க்கக் கடைக்குக் கொண்டுபோகக் காசில்லாத வீடுகளில் பையன்களே ஸ்பானரைப் பிடித்தார்கள். என் பெரியம்மா மகன் அப்படிப்பட்டவர்தான்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். படிவம் மூன்றோடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் பரப்பி வைத்து, ஒரு திருகாணி மிச்சமில்லாமல் திரும்ப மாட்டுவார். அந்தச் செய்தித்தாளை யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் கத்துவார். தாமானில் இருந்த பையன்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் ஓட்டுவதைவிட, ஓட்டுகிறவனின் வண்டியைத் தயார் செய்வதில்தான் அவருக்கு ஆசை.

அவருக்கு இருபது வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை இரவு, பந்தயம் நடந்த சாலையைப் போலீஸ் இரண்டு பக்கமும் அடைத்தது. மாட்டியவர்களில் அண்ணனும் ஒருவர். ஓட்டவில்லை. பையில் பிளக் ஸ்பானரும் இரண்டு ஜெட்டும் இருந்தன. அவருடைய மோட்டாரின் புகைபோக்கி மாற்றப்பட்டிருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் பெரியம்மாவும் என் அம்மாவும் பாலாய்க்குப் போனார்கள். பெரியம்மா கையில் அவருடைய பிறப்புப் பத்திரம் இருந்தது. எதற்கு எடுத்துப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

பெரியப்பா போகவில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர், யாரிடமும் கைகட்டி நின்றதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்பவர். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "டிவில பாத்தத இப்ப வீட்டுலயே பாக்குறேன்." அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் மகனிடம் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் பெரியம்மாதான் இருவருக்கும் நடுவில் தூது. அந்த நாடகத்தைக்கூட அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பெரியப்பாவின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பையன் உயிரோடு வந்தான் என்பதே பெரிது என்று அவருக்குள் ஓடியிருக்கும். ஆனால் மகனைப் பார்க்க அவரிடம் இருந்தது நாடகம் கொடுத்த கண்ணாடி மட்டும்தான். அதில் 'ரெம்பிட்' தெரிந்தான். செய்தித்தாளில் திருகாணிகளை வரிசை வைத்தவன் தெரியவில்லை.

அண்ணனைத் தூக்கிவிட்டது மெங்லெம்புவில் மோட்டார்க் கடை வைத்திருந்த ஒரு சீனத் தௌக்கே. வேலை கேட்டுப் போனபோது பாலாய் விஷயத்தை அண்ணனே சொல்லியிருக்கிறார். தௌக்கே அதைக் கேட்டுவிட்டு, "நீ செஞ்ச வண்டி ஜெயிச்சதா, தோத்ததா?" என்று கேட்டாராம். ஜெயித்தது என்றதும் மறுநாளே வரச் சொல்லிவிட்டார். அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த ஒரு சின்னப் பந்தயக் குழு இருந்தது. வார இறுதிகளில் அண்ணன் அதற்கு உதவியாளாகப் போக ஆரம்பித்தார். டயர் உருட்டுவது, செயின் துடைப்பது, நேரம் குறித்து வைப்பது. தலைக்கவசம், பந்தய உடை, ஆம்புலன்ஸ், கொடி காட்டும் ஆள் எல்லாம் இருக்கும் பந்தயத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன் என்பார். "ஒருத்தன் விழுந்தா எல்லாரும் அவன் பக்கம் ஓடுறாங்க பாப்பா. ரோட்டுல விழுந்தா எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடுவோம்." மூன்றாவது வாசல் என்று நான் சொன்னது இதைத்தான்.

இந்த நாட்டில் அந்த வாசல் ரொம்ப காலமாகவே இருக்கிறது. 1994 முதல் கப் பிரி பந்தயம் நடக்கிறது. நாம் வேலைக்கு ஓட்டிப் போகிற வகைக் கப்சாய்களைத் தயார் செய்து, ஊர் ஊராகப் போய் நடத்தும் தேசியப் போட்டி அது. கார் பக்கம் பார்த்தால் மலேசிய ரேலி பந்தயங்கள் ஓடியதே ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில்தான். அதே மாதிரிச் சாலைகளில் கைபழகிய கரம்ஜித் சிங், 2002இல் புரோட்டோன் காரை ஓட்டி உற்பத்திக் கார் பிரிவில் உலக ரேலி பட்டத்தை வென்றார். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் ஆலன் ஓ. நம் பாட்டன் பூட்டன் நடந்த தோட்டப் பாதைகள் போன்றவை ஓர் உலகச் சாம்பியனுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கின்றன.

அதைவிட நமக்கு நெருக்கமானவர் கைருல் இடாம் பாவி. பேராக் ஆற்றங்கரையில் இருக்கும் கம்போங் காஜாவில் பிறந்தவர். 2016 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் நடந்த மோட்டோ3 பந்தயத்தில், நனைந்த தடத்தில், இரண்டாவது வந்தவரைவிட 26 விநாடிக்கும் மேல் முந்தி வென்றார். மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி ஒன்றை ஒரு மலேசியர் வென்றது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது பதினேழு. அதே ஆண்டு ஜெர்மனியிலும், மறுபடி மழையில், இன்னொரு வெற்றி. 2019இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் விழுந்து விரலில் பட்ட காயம் அவரை வெகுவாகப் பின்னுக்கு இழுத்தது. தடத்திலும் அடிபடும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதினேழு வயதுப் பையன் நம் மாநிலத்துக் கம்பத்துப் பையன். ஒரு போலீஸ் நாடகத்தில் அவன் வயதில் ஒருவன் மோட்டாரில் வந்தால் அடுத்த காட்சியில் அவனுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வாசல் இருக்கிறது என்பதால் அது எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பந்தய உடை, டயர், உரிமம், நுழைவுக் கட்டணம், ஊர் ஊராகப் போகும் செலவு எல்லாம் காசு. அப்பா செக்யூரிட்டி, அம்மா கேன்டீன் என்று இருக்கும் வீட்டில் அது நடக்காது. ஆனால் ஓட்டுகிற ஒருவனுக்குப் பின்னால் ஸ்பானர் பிடிக்கப் பல பேர் வேண்டும். அந்த வேலைக்குத் தேவைப்படுவது காதும் கையும்தான். அண்ணனுக்குக் கிடைத்தது அந்த இடம்.

தமிழ்ப் படங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்று யோசித்தால் 2022இல் வந்த 'வலிமை' ஞாபகம் வருகிறது. பைக்கில் வந்து கொள்ளையும் கொலையும் செய்யும் ஒரு கூட்டம், அதைப் பிடிக்க வரும் போலீஸ் அதிகாரியாக அஜித். அதே வார்ப்புதான். ஆனால் வினோத்தின் கதையில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. அந்தக் கூட்டத்தில் சேருகிறவர்களில் அதிகாரியின் சொந்தத் தம்பியும் ஒருவன், வேலை கிடைக்காமல் வீட்டில் குத்திக் காட்டப்பட்டவன். அங்கே குற்றவாளி வெளியில் இல்லை, சாப்பாட்டு மேசையில் இருக்கிறான். படத்தில் பைக் பறப்பதைப் பேசியவர்கள் பலர். எனக்கு அந்த மேசைதான் பெரிதாகப் பட்டது, ஏனென்றால் அப்படி ஒரு மேசையை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அந்த அதிகாரியாக நடித்தவர் 2010இல் ஃபார்முலா டூ ஓட்டியவர். 2025இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நம் ஊர்ப் பையன்களின் கைப்பேசியெல்லாம் அதுவாகவே இருந்தது. பந்தயத்தைத் திரையில் தண்டித்தவரே வெளியே பந்தயக்காரர். பையன்கள் அதில் முரண்பாடு எதையும் பார்க்கவில்லை. சாலை வேறு, தடம் வேறு என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பெரியவர்களைவிட நன்றாகவே புரிந்திருக்கிறது.

போன வருடம் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓர் அம்மா நிலையத்துக்கு அழைத்தார். நேரலையில் பேச வேண்டாம் என்றார். மகனுக்குப் பதினாறு வயது, வெள்ளிக்கிழமை இரவு மோட்டாரை எடுத்துக்கொண்டு போனால் மூன்று மணிக்குத்தான் வருகிறான். "தங்கச்சி, இந்த ரேஸ் ஓட்டிச் சாகுற மாதிரி நாடகம் ஏதாவது இருந்தா பேரு சொல்லுங்களேன். அவன உக்கார வெச்சுக் காட்டணும். பயப்படணும்."

அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பெயர்கள் சொல்லியிருக்கலாம், நிறையத் தெரியும். அதற்குப் பதிலாக, பையன் தன் மோட்டாரைத் தானே பழுது பார்ப்பானா என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஒன்னுதான் ஒழுங்கா செய்வான். தெருவுல எல்லாரு மோட்டாரும் நம்ம வாசல்லதான் நிக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது.

அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன். அவருக்கு இப்போது சுங்கை சிப்புட்டில் சொந்தக் கடை. அந்தப் பையன் இரண்டு சனிக்கிழமை வந்தான், மூன்றாவது வாரம் வரவில்லை, பிறகு மறுபடியும் வந்தான் என்று அண்ணன் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு இன்னும் போகிறானா என்று கேட்டேன். "போறான். ஆனா சனிக்கிழமை எட்டு மணிக்குக் கட தொறக்கணும்னு சொல்லிருக்கேன். லேட்டா வந்தா ஸ்பானரத் தொட விட மாட்டேன்" என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படிச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

அண்ணனுடைய மகனுக்கும் இப்போது பதினைந்து. ஒய்15 வேண்டும் என்று வீட்டில் ஒரே சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது கூடத்தில் பழைய போலீஸ் தொடர் ஒன்று மறு ஒளிபரப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பந்தயக் கதை. மூவரும் பார்த்தோம். மோட்டார் புறப்பட்டதும் அண்ணன் சொன்னார், "இவ்ளோ வேகமா ஓடுற வண்டிய யாருடா செஞ்சது? போலீஸ் கதையில மெக்கானிக்க மட்டும் காட்டவே மாட்டேங்கிறானுங்க." மகன் சிரித்துக்கொண்டே, சத்தம் வேற வண்டியோடது என்றான். பிறகு இருவரும் அது எந்த வண்டியின் சத்தம் என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். பையன் அப்பாவிடம் அத்தனை நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

நாடகம் எழுதுகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். இப்போது தமிழிலும் நல்ல தொடர்கள் வருகின்றன, எழுதுகிறவர்களில் சிலர் எனக்கு நண்பர்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. பையன் விழட்டும், கைதாகட்டும், அதுவும் நடக்கிறதுதான். ஆனால் இன்ஸ்பெக்டர் "எவ்வளவு பணம் கட்டினாய்?" என்று கேட்ட பிறகு "வண்டியை யார் தயார் செய்தது?" என்றும் ஒரு முறை கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பையன் கையை உயர்த்தினால், அவனுக்கு ஒரு காட்சி கொடுங்கள். செய்தித்தாளில் பரப்பி வைத்த திருகாணிகளை கேமரா ஐந்து விநாடி பார்க்கட்டும். அதை வீட்டில் இருந்து பார்க்கும் ஓர் அப்பா, தன் வாசலில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பவனை அடுத்த நாள் கொஞ்சம் வேறு மாதிரி பார்ப்பார்.

அது வரும்வரை வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பந்தயக் கதை ஓடும்போது, "பாத்தியா, கடைசில என்ன ஆச்சுன்னு" என்று மகனிடம் சொல்ல வாய் வரும். சொல்லலாம், தப்பில்லை. அதோடு, அந்த மோட்டாரில் எதை மாற்றியிருப்பார்கள் என்றும் அவனிடம் கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும். பாதி புரியாது. முழுவதும் கேளுங்கள்.